பழைய டிஎக்ஸ்7, எக்ஸ்பி-60: எதைச் சேர்த்தால் புது ஒலி வரும்?

குடந்தைக் கட்டை, கும்பகோணம்

வணக்கம். மெல்லிசைக் குழு நடத்திவந்த என் மாமா ஓய்வெடுத்துக்கொண்டு, தம் கீபோர்டுகள் இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டார். ஒன்று யமஹா டிஎக்ஸ்7, 1983-இல் வந்த முதல் வகை. மற்றது ரோலண்ட் எக்ஸ்பி-60. பங்குனி உத்திரம் தொடங்கிச் சித்திரை முழுக்கக் கோயில் கச்சேரிகள் இருக்கின்றன. அதற்குள் இரண்டும் மேடை ஏற வேண்டும்.

எக்ஸ்பி-60-இல் ஒலிகள் அடங்கிய கூடுதல் மின்சுற்றுப் பலகை செருக நான்கு இடங்கள் இருக்கின்றன. ஒன்றில் 'வேர்ல்டு' பலகை உட்கார்ந்திருக்கிறது, மூன்று காலி. டிஎக்ஸ்7-இல் செருகும், ஒலிகள் அடங்கிய கார்ட்ரிட்ஜ் எங்கோ தொலைந்துபோயிற்று. இயக்கினால் ஒலிகளின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கிறுக்கல் எழுத்துகள் தெரிகின்றன. இவற்றோடு ஒரு தகரப் பெட்டி நிறையப் பிளாப்பிகள். அவற்றில் சிலவற்றை எக்ஸ்பி-60-இல் ஏற்றினேன். பாதி ஒலிகள் பிரமாதம், மீதி ஊமை. விசையை அழுத்தினால் சத்தமே இல்லை.

டிஎக்ஸ்7-க்குக் கார்ட்ரிட்ஜ் தேடி அலைவதா, எக்ஸ்பி-60-க்குப் பலகை வாங்குவதா? கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் காணும். எங்கள் கிட்டார்க்காரர் இரண்டையும் தள்ளிவிட்டு மடிக்கணினி வாங்கச் சொல்கிறார்.

சாலிடர் புகை, தஞ்சாவூர்

தம்பி, ஒலியை விடு, முதலில் மின்சாரத்தைப் பார். இரண்டின் பின்பக்கத் தகட்டிலும் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அந்தக் காலத்தில் கைமாறி வந்த கீபோர்டுகளில் ஜப்பான் உள்நாட்டு வகையும் கலந்திருக்கும். அது 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. தகட்டில் 100 என்று இருந்தால், உன் மாமா மின்மாற்றி ஒன்றும் வைத்திருந்திருப்பார். தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் தேடு.

டிஎக்ஸ்7-இல் கிறுக்கல் எழுத்து தெரிந்தால், உள்ளே இருக்கும் 3 வோல்ட் பாட்டரி செத்திருக்க வாய்ப்பு அதிகம். நினைவகத்தில் இருக்கும் 32 ஒலிகளையும் அந்த ஒற்றை வில்லைதான் காப்பாற்றுகிறது. ஃபங்ஷன் பொத்தானை அழுத்திவிட்டு 14-ஆம் எண்ணை அழுத்து, பாட்டரியின் வோல்டேஜைத் திரையில் காட்டும். அந்த வில்லையைப் பலகையில் சாலிடர் வைத்தே பொருத்தியிருப்பார்கள். அதை எடுத்துவிட்டு ஒரு தாங்கியைச் சாலிடர் செய்து, சாதாரண சிஆர்2032 வில்லையைப் போட்டுவிடு. அடுத்த முறை யாரும் சாலிடர் கோலைத் தொட வேண்டியிருக்காது.

எக்ஸ்பி-60-லும் பாட்டரி உண்டு. அதில் இன்னும் உயிர் இருந்தால், மாற்றும் முன் உள்ளே இருப்பதையெல்லாம் பிளாப்பியில் சேமித்துக்கொள். மாமா கைப்பட அமைத்த ஒலிகள் அதில் இருக்கும், கடையில் கிடைக்காது.

ஆறு ஆபரேட்டர், மயிலாடுதுறை

கார்ட்ரிட்ஜ் தேடி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், இந்த இழையில் பலருக்கும் உதவும்.

டிஎக்ஸ்7-க்குள் பதிவு செய்த ஒலி என்று எதுவும் கிடையாது. ஆறு சைன் அலைகள் (ஆபரேட்டர்கள்), அவை ஒன்றை ஒன்று அசைக்கும் விதங்கள் (அல்காரிதங்கள்) 32, அவ்வளவுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டுபிடித்து, யமஹா உரிமம் வாங்கிய எஃப்எம் முறை அது. எனவே டிஎக்ஸ்7-இன் ஒவ்வொரு ஒலியும் வெறும் எண்களின் பட்டியல். ஓர் ஒலிக்கு 128 பைட். 32 ஒலிகளையும் மிடி (கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியே அனுப்பினால் முன்னும் பின்னும் சேர்த்து 4,104 பைட். கார்ட்ரிட்ஜில் இருந்ததும் அதே எண்கள்தான். அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜ்களின் எண்களும், ரசிகர்கள் அமைத்த ஆயிரக்கணக்கான ஒலிகளும் சிஸ்எக்ஸ் (மிடி வழியே அனுப்பும் எண்கள் அடங்கிய) கோப்புகளாக இன்று இணையத்தில் பரவிக் கிடக்கின்றன. உங்களுக்கு வேண்டியது ஒரு கணினி, ஒரு யுஎஸ்பி-மிடி கேபிள்.

ஏற்றும் முன் டிஎக்ஸ்7-இல் இரண்டு பூட்டுகளைத் திறக்க வேண்டும். நினைவகப் பாதுகாப்பில் 'இன்டர்னல்' என்பதை அணைக்க வேண்டும். பிறகு ஃபங்ஷனில் 8-ஐ அழுத்தி, மிடி சேனல் தெரிந்ததும் மறுபடி அதையே அழுத்தினால் 'சிஸ் இன்ஃபோ அன்அவெய்ல்' என்று வரும். 'யெஸ்' பொத்தானால் அதை 'அவெய்ல்' ஆக்க வேண்டும். இரண்டாவது பூட்டை மறந்தவர்கள்தான் கீபோர்டு பழுது என்று புலம்புவார்கள்.

மலிவான யுஎஸ்பி-மிடி கேபிள் சுரங்களை ஒழுங்காக அனுப்பும், 4,104 பைட்டை ஒரே மூச்சில் அனுப்பச் சொன்னால் நடுவில் சிலவற்றை விழுங்கிவிடும். திரையில் பிழை வந்தால் கேபிளைச் சந்தேகப்படுங்கள், கீபோர்டை அல்ல.

மணிவாசகன் ரசிகன், மன்னார்குடி

என்னிடம் கோர்க் எம்1 இருக்கிறது. அதற்கும் இப்படி இலவசமாக ஏற்றலாமா?

ஆறு ஆபரேட்டர், மயிலாடுதுறை

பாதிதான் முடியும். 1988-இல் வந்த எம்1-இல் பியானோவும் மற்றவையும் பதிவு செய்த அலைவடிவங்களாக 4 எம்பி ரோமில் இருக்கின்றன. அந்த அலைகளை வைத்து அமைத்த ஒலிகளை மிடி வழியே ஏற்றலாம். புதிய அலை வேண்டுமென்றால் அலைகள் பதிந்த பிசிஎம் அட்டை வேண்டும், அதற்குப் பொருந்தும், அமைப்புகள் பதிந்த புரோகிராம் அட்டையும் வேண்டும். தனித்தனி விலைக்கு விற்பவரிடம் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு முழிக்காதீர்கள். கணினி பரவாயில்லை என்றால், கோர்க் வெளியிட்ட எம்1 மென்பொருளில் அந்த அட்டைகளின் ஒலிகளும் சேர்ந்தே வருகின்றன.

ரோலண்ட் டி-50 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 1987-இல் வந்த அதன் அட்டைகளில் அமைப்புகள் மட்டுமே உண்டு, அலை கிடையாது. 'டி-50 ஒலி அட்டை' என்று பெரிய விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வீணை வீதி, தஞ்சாவூர்

இந்த வேறுபாட்டைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். பேட்ச் என்பது சமையல் குறிப்பு, அலைவடிவம் என்பது மளிகை. குறிப்பு எத்தனை வாங்கினாலும் வீட்டில் பருப்பு இல்லாமல் சாம்பார் ஆகாது.

குடந்தைக் கட்டையின் ஊமைப் பிளாப்பிகளும் அதே விவகாரம்தான். எக்ஸ்பி-60 பிளாப்பியில் பேட்ச் மட்டும் சேமிக்கப்படும். அந்த பேட்ச், செருகியிருந்த எஸ்ஆர்-ஜேவி80 வகைக் கூடுதல் பலகை ஒன்றின் அலையைக் கேட்கும். பலகை இல்லையென்றால் எங்கிருந்து வாசிக்கும்? ஆக, பிளாப்பியில் கோளாறு இல்லை. காலியாக இருக்கும் மூன்று இடங்களில் ஒரு காலத்தில் ஏதோ இருந்திருக்கிறது. மாமாவிடம் கேளுங்கள்.

திருவாரூர் தேர், திருவாரூர்

கிட்டார்க்காரர் சொல்வதில் என்ன தவறு? டிஎக்ஸ்7 வேண்டுமா, டெக்ஸ்ட் (Dexed) என்ற மென்பொருள் இலவசம். அதே சிஸ்எக்ஸ் கோப்புகளை அப்படியே திறக்கிறது. எக்ஸ்பி-60-இன் அண்ணன் ஜேவி-1080 ரோலண்டின் மேகச் சேவையில் மென்பொருளாகவே கிடைக்கிறது. நாற்பது வயதுக் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு டெம்போவில் ஏற்றி இறக்கி, இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். பலகை ஒன்றின் விலையில் நல்ல மிடி கீபோர்டே வாங்கிவிடலாம்.

கடலோரம், நாகப்பட்டினம்

தேர் தம்பி வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிப்பவர் போலிருக்கிறது. வேளாங்கண்ணி திருவிழா, ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை. அந்த நாட்களில் பந்தலில் மடிக்கணினியை வைத்துப் பாருங்கள். ஜெனரேட்டர் மாறும் ஒவ்வொரு முறையும் ஆடியோ கருவி துண்டிக்கப்படும். பாட்டின் நடுவே மென்பொருள் 'புதுப்பிக்கட்டுமா' என்று கேட்கும். எக்ஸ்பி-60 மின்சாரம் வந்ததும் சில நொடிகளில் வாசிக்கத் தயார். ஆனால் ஒன்று: சீக்வென்சரில் (பாட்டைப் பதிந்து தானே வாசிக்கும் பகுதியில்) ஏற்றிய பாட்டு மின்சாரம் போனால் அழிந்துவிடும். பிளாப்பியில் சேமித்தே தீர வேண்டும்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு வேறு தொல்லை. உப்புக் காற்று பிளாப்பி டிரைவையும் விசைக்கடியில் இருக்கும் தொடுபரப்பையும் மெல்லத் தின்னும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் மூடியே கிடந்த கீபோர்டுகள் எங்கள் பக்கம் நிறைய. திறந்து பார்த்தால் இணைப்பு முட்களில் பச்சை பூத்திருந்தது. மழைக்காலத்தில் உறைக்குள் சிலிகா ஜெல் பை வையுங்கள். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் இயக்கிவையுங்கள், உள்ளே வரும் சூடே ஈரத்தை விரட்டும்.

திருவாரூர் தேர், திருவாரூர்

பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 128-இல் வைத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் 3 மில்லிநொடிக்கும் குறைவான தாமதம். காதுக்கே தெரியாது. புதுப்பிப்பை அணைத்துவைக்கத் தெரியாதவர்களுக்காக மென்பொருளைக் குறை சொல்வானேன்? யுபிஎஸ் என்று ஒன்று இருப்பதையும் நாகப்பட்டினத்தில் கேள்விப்படவில்லையா?

கடலோரம், நாகப்பட்டினம்

யுபிஎஸ், ஆடியோ கருவி, மிடி கீபோர்டு, மடிக்கணினி, அதற்கு ஒரு ஸ்டாண்டு. இடுப்பு ஒடிவது பற்றி யாரோ சொன்னார்களே?

தவில் வீட்டுப் பெண், திருவாவடுதுறை

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் கச்சேரி என்றால் நாகஸ்வர ஒலி இல்லாமல் இருக்காது. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

எங்கள் ஊரில் சீவாளி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த காதுக்கு, கீபோர்டில் வரும் 'ஷனாய்' ஒலியை நாகஸ்வரம் என்று வாசிப்பது தாங்காது. பலகையில் நாகஸ்வரம் இருக்கிறதா என்று தேடுவதைவிட, இருப்பதை எப்படி வாசிக்கிறோம் என்பதில்தான் பாதி இருக்கிறது. பதிவு செய்த அலை எதுவாக இருந்தாலும் சில நொடிகளில் ஒரே இடத்தில் சுழலத் தொடங்கிவிடும். மனிதன் ஊதினால் ஒரு சுரம் இரண்டு கணம்கூட ஒரே மாதிரி நிற்காது.

எக்ஸ்பி-60-இல் பிட்ச் பெண்டை (சுருதியை வளைக்கும் நெம்புகோலின் எல்லையை) மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு என்று பேட்ச் வாரியாகத் தனித்தனியே வைக்கலாம். மேலே இரண்டு, கீழே நான்கு அரைச்சுரம் வைத்துப் பழகுங்கள். தோடி வாசிக்கும்போது காந்தாரத்தை விசையால் தொடாமல், ரிஷபத்தை அழுத்திக்கொண்டு நெம்புகோலால் அசைத்துப் பாருங்கள். கமகம் கையில் இருக்க வேண்டும், பலகையில் வராது.

ஆறு ஆபரேட்டர், மயிலாடுதுறை

அக்கா சொன்னதற்கு டிஎக்ஸ்7-தான் சரியான களம். அதில் சுழல்வதற்கு அலையே கிடையாது.

நாகஸ்வரத்தின் உடல் கூம்பு, இரட்டைச் சீவாளி. அப்படிப்பட்ட கருவியில் எல்லா மேற்சுரங்களும் (அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகள்) வரும். எஃப்எம் முறையில் கேரியரும் (நாம் கேட்கும் அலை) மாடுலேட்டரும் (அதை அசைக்கும் அலை) 1:1 அதிர்வெண் விகிதத்தில் இருந்தால் அதே வரிசை கிடைக்கும். 1:2 வைத்தால் ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டும் வரும், கிளாரினெட் போலக் குழைந்துவிடும். இணையத்தில் 'ஓபோ' ஒலியை எடுத்து நாகஸ்வரம் ஆக்க முயல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த விகிதம்.

நான் ஐந்தாம் அல்காரிதத்தை எடுப்பேன். அதில் மூன்று ஜோடிகள் தனித்தனியாக ஒலிக்கும். முதல் ஜோடி 1:1, மாடுலேட்டர் அளவு நன்றாக உயர்ந்து. இரண்டாவதும் அதே, டிட்யூன் கொஞ்சம் விலக்கி. மூன்றாவது ஜோடியின் ஆறாம் ஆபரேட்டரில் ஃபீட்பேக் (தன்னையே அசைக்கும் அளவு) 7 வரை ஏற்றி, வந்த வேகத்தில் மறையும் உறை, அதாவது ஒலியின் ஏற்ற இறக்க வடிவம். சுரம் தொடங்கும்போது சீவாளியில் காற்று முட்டும் அந்தக் கரகரப்பு இதிலிருந்து வரும். கடைசியாகப் பிட்ச் உறை, அதாவது சுருதியின் ஏற்ற இறக்கம். அதில் 50 என்றால் சரியான சுருதி. சுரம் தொடங்கும் நிலையான எல்4-ஐ 50-க்கு ஓரிரு படி கீழே வைத்தால் ஒவ்வொரு சுரமும் சற்றுத் தாழ்ந்து தொடங்கி இடத்தில் வந்து ஏறும். அதிகம் குறைத்தால் சைரன் ஆகிவிடும்.

மூச்சுக் கருவி செருகும் துளையும் டிஎக்ஸ்7-இல் உண்டு. பல்லிடையில் கவ்வி ஊதும் பிசி1 கிடைத்தால் விடாதீர்கள். மாடுலேட்டர் அளவை மூச்சோடு இணைத்தால் அழுத்தி ஊத ஊத ஒலி பிரகாசமாகும். டிஎக்ஸ்7-க்கு ஏதாவது வாங்கியே தீர்வேன் என்றால் அதை வாங்குங்கள். ஒலியை மாற்றும், கார்ட்ரிட்ஜ் மாற்றாது.

தவில் வீட்டுப் பெண், திருவாவடுதுறை

இதை யாராவது பதிவு செய்து போடுங்கள். எங்கள் தாத்தாவிடம் போட்டுக் காட்டுகிறேன். திட்டினால் திட்டட்டும்.

வீணை வீதி, தஞ்சாவூர்

சரி, எக்ஸ்பி-60-க்குத் திரும்புவோம். எஸ்ஆர்-ஜேவி80 வரிசையில் ஒவ்வொரு பலகையும் 8 எம்பி அலைகள், அதோடு அவற்றுக்கான பேட்ச்கள். 02 ஆர்கெஸ்ட்ரல், 04 வின்டேஜ் சிந்த், 05 வேர்ல்டு, 08 அறுபது-எழுபதுகளின் கீபோர்டுகள், 09 செஷன், 14 ஆசியா. மெல்லிசைக் குழுவுக்கு வேலை செய்பவை இவைதான். டெக்னோ, ஹவுஸ், ஹிப்-ஹாப் பலகைகள் மலிவாக வந்தால்கூட நம் மேடையில் தூசிதான் படியும். நம்மிடம் நேயர் கேட்பது எண்பதுகளின் பாட்டு. அதில் வயலின் கூட்டம்தான் உயிர். என் ஓட்டு ஆர்கெஸ்ட்ரலுக்கு.

பலகை சேர்த்தாலும் எது அதிகமாகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகளின் எண்ணிக்கை, அதிகமாகாது. எக்ஸ்பி-60-இல் மொத்தம் 64. நான்கு டோன் (ஒலி அடுக்கு) சேர்த்த பேட்சை வாசித்தால் 16 சுரங்களில் தீர்ந்துவிடும். பெடலை மிதித்துக்கொண்டு வயலின் கூட்டத்தை வாசித்தால் முதலில் பிடித்த சுரம் அறுபடும். அதைப் பலகையின் குறை என்று நினைக்காதீர்கள், இரண்டு டோனை அணையுங்கள்.

எஸ்ஆர்எக்ஸ் என்ற பெயரில் வருபவை வேறு தலைமுறை. எக்ஸ்பி-60-இல் பொருந்தாது.

பேட்டை வாசி, பட்டுக்கோட்டை

ஒரே பலகையில் பத்துப் பலகைகளின் ஒலியை ஏற்றி ரசிகர்கள் செய்து விற்கிறார்களாமே? அதை வாங்கினால் காரியம் முடிந்தது.

திருவாரூர் தேர், திருவாரூர்

அது திருட்டு. ரோலண்டின் பதிவுகளை நகலெடுத்து விற்பது.

பேட்டை வாசி, பட்டுக்கோட்டை

தயாரிப்பை நிறுத்தி இத்தனை வருடமான பலகையில் யாருக்கு என்ன நட்டம்?

திருவாரூர் தேர், திருவாரூர்

அதே ஒலிகளை அந்த நிறுவனம் இன்றும் மென்பொருளாக விற்கிறது. நட்டம் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

நெறியாளர்

பதிப்புரிமை விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். நகல் பலகைகளுக்கான சுட்டிகளை இங்கே இட வேண்டாம். இட்டால் நீக்கப்படும்.

குடந்தைக் கட்டை, கும்பகோணம்

அனைவருக்கும் நன்றி. மாமாவிடம் கேட்டேன். ஒரு காலத்தில் ஆர்கெஸ்ட்ரல், செஷன் இரண்டும் இருந்தனவாம். ஆர்கெஸ்ட்ரலை மகள் கல்யாணச் செலவுக்கு விற்றாராம். செஷனை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போனவர் திருப்பித் தரவே இல்லையாம். பெயர் சொல்ல மறுக்கிறார், இன்னும் கோபம் இருக்கிறது.

பிளாப்பிகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். ஊமையானவற்றில் பெரும்பாலானவை கிட்டார், பியானோ, பித்தளைக் கருவிகள். மேலே ஒட்டியிருக்கும் தாளில் மாமாவின் கையெழுத்தில் 'செ' என்றும் 'ஆ' என்றும் குறித்திருக்கிறார். 'செ' பிளாப்பிகள்தான் அதிகம். வீணை வீதி அண்ணன் ஆர்கெஸ்ட்ரல் வாங்கச் சொல்கிறார். ஆனால் செஷன் வாங்கினால் மாமாவின் அமைப்புகளில் பெரும்பங்கு உயிர் பெறும். எதைத் தேர்ந்தெடுப்பது?

டிஎக்ஸ்7 விவகாரம் முடிந்தது. பாட்டரி மாற்றிவிட்டேன். கேபிளைக் கடன் வாங்கி 32 ஒலிகளும் ஏற்றியாயிற்று. தகட்டில் 220 வோல்ட் என்றிருக்கிறது, மின்மாற்றி தேவையில்லை.

வீணை வீதி, தஞ்சாவூர்

செஷன். சந்தேகமே வேண்டாம். கச்சேரிக்குக் கச்சேரி திருத்தித் திருத்தி அமைத்த ஒலிகள், எந்தப் பாட்டுக்கு எது என்று ஏற்கெனவே தீர்மானமானவை. புதுப் பலகையின் தொழிற்சாலை ஒலிகளைக் கேட்டுத் தேர்ந்தெடுத்து, மிக்சரில் மற்றக் கருவிகளோடு பொருத்துவதற்குள் சித்திரை முடிந்துவிடும்.

சாலிடர் புகை, தஞ்சாவூர்

அதற்கு முன் பிளாப்பிகளைக் காப்பாற்று. அவை சாதாரண 1.44 எம்பி வடிவம்தான். யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் ஒன்றை வைத்துக் கணினியில் முழுப் பிம்பமாக நகலெடு. பூஞ்சை பிடித்த பிளாப்பியை டிரைவில் போடாதே, தலையைக் கெடுத்துவிடும். சறுக்கியைத் தள்ளி வட்டைப் பார், புள்ளி புள்ளியாக வெண்மை தெரிந்தால் அதைத் தனியாக எடுத்து வை. பிறகு டிரைவையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பென் டிரைவ் செருகும் கோட்டெக் பெட்டியைப் பொருத்தலாம். எல்லாப் பிளாப்பியும் ஒரே பென் டிரைவில் அடங்கிவிடும்.

கடலோரம், நாகப்பட்டினம்

எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஜேவி-1010 இருக்கிறது. முக்கால் அடி அகலப் பெட்டி, அதற்குள் செஷன் பலகையின் ஒலிகள் பிறவியிலேயே உண்டு. மிடி கேபிளில் இணைத்தால் எக்ஸ்பி-60-இலிருந்தே வாசிக்கலாம். 64 குரல்கள் தனியாகக் கிடைக்கும், வீணை வீதி சொன்ன அறுபடும் தொல்லையும் குறையும். ஆனால் மாமாவின் பிளாப்பி பேட்ச்களை அதில் நேரே ஏற்ற முடியாது, மிடி வழியே ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும். பலகை கிடைக்காவிட்டால் இதை யோசியுங்கள்.

பேட்டை வாசி, பட்டுக்கோட்டை

செஷன் பலகை என்னிடம் இருக்கிறது. அசல்தான், நெறியாளர் பயப்பட வேண்டாம். எக்ஸ்பி-30 வாங்கிவிட்டேன், அதில் செஷன் உள்ளேயே வருகிறது. ஆகவே இது சும்மா கிடக்கிறது. விலையைத் தனிச் செய்தியில் பேசுவோம்.

குடந்தைக் கட்டை, கும்பகோணம்

செய்தி அனுப்பிவிட்டேன் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டை வரலாமா?

சாலிடர் புகை, தஞ்சாவூர்

கீபோர்டையும் எடுத்துக்கொண்டு போ. பணம் கொடுக்கும் முன் அங்கேயே செருகிப் பார்க்க வேண்டும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, முதலில் உலோகச் சட்டத்தைத் தொடு, பிறகு பலகையைத் தொடு. இணைப்பான் நேராக உட்கார்ந்ததை விரலால் உறுதிசெய்து, தாங்கிகளைத் திருகிப் பூட்டு. வளைத்து அழுத்தாதே. இயக்கியதும் அந்தப் பலகையின் பேட்ச் வரிசை தெரிகிறதா பார். தெரிந்தால் 'செ' பிளாப்பி ஒன்றை ஏற்றி வாசி. போகிற வழியில் தஞ்சாவூரில் இறங்கினால் தாங்கிகளைத் திருகும் பிளாஸ்டிக் சாவி என்னிடம் இருக்கிறது, வாங்கிக்கொண்டு போ.